‘ஒரு சம்பவம் சொல்லுங்கள்’: நேர்காணலில் நடத்தை சார்ந்த கேள்விகள்

“நெருக்கடியான நேரத்தில் நீங்களே முடிவெடுத்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்”, “உடன் வேலை செய்தவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பன போன்று, வேலை கேட்டு வந்தவர் முன்பு ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொண்டார் என்று விசாரிப்பவை நடத்தை சார்ந்த கேள்விகள். இவை “உங்கள் பலம் என்ன?” என்ற கேள்வியிலிருந்து வேறுபட்டவை. பலம் என்ன என்று கேட்டால் யாரும் தம்மைப் பற்றி நல்லதாக நான்கு சொல் சொல்லிவிடலாம். சம்பவம் கேட்கும்போது இடம், ஆள், நாள், செயல் எல்லாம் வந்தாக வேண்டும். “இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?” என்ற கற்பனைக் கேள்வியும் வேறு வகைதான். அங்கே நல்ல யோசனை போதும், இங்கே நடந்த செயல் வேண்டும்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், விமானிகள் எந்த நேரத்தில் எதைச் செய்ததால் வென்றார்கள், எதைச் செய்ததால் தோற்றார்கள் என்று தனித்தனிச் சம்பவங்களாகத் திரட்டினார். அந்த முறையை விளக்கி 1954-இல் அவர் எழுதிய கட்டுரை ஆள் தேர்வுத் துறைக்கே அடிப்படையானது. 1982-இல் டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர், விண்ணப்பதாரரின் கடந்தகாலச் செயல்களை ஒழுங்காக விசாரிக்கும் நேர்காணலையும் வழக்கமான பொதுப்பேச்சு நேர்காணலையும் ஒப்பிட்டு, முன்னதே வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று எழுதினார். ஒருவர் முன்பு செய்த விதத்திலேயே பின்பும் செய்யக்கூடும் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம். பன்னாட்டு நிறுவனங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த இந்தக் கேள்விமுறை, இன்று வளாகத் தேர்வு முதல் வங்கி நேர்காணல் வரை பரவியிருக்கிறது.

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் உள்ள தொப்பூர் போன்ற ஊரிலிருந்து வேலை தேடுபவருக்கு இது பல வாசல்களில் எதிர்ப்படும். வடக்கே போனால் ஓசூர்ப் பக்கத்து வாகன, கைக்கடிகார, மின்னணுத் தொழிற்சாலைகள். தெற்கிலும் மேற்கிலும் சேலம் உருக்காலை, மேட்டூர் வட்டாரத்து ஆலைகள். 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும் எடுக்கும் மாவட்ட முகாம்களிலும் மனிதவளத் துறை நேர்முகம் ஒரு கட்டம். மத்திய அரசின் அரசிதழ்ப் பதிவில்லாத ‘பி’ பிரிவு, ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. அதனால் இத்தேர்வுகளை மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கி அதிகாரித் தேர்வில் முதன்மைத் தேர்வைத் தாண்டியதும் திணறுகிறார்கள். ஐபிபிஎஸ் அதிகாரித் தேர்வில் எழுத்துக்கும் நேர்காணலுக்கும் உள்ள விகிதம் 80:20. தரவரிசையின் ஐந்தில் ஒரு பங்கு பேச்சிலிருந்து வருகிறது.

எந்தச் சம்பவம் தகும்?

கிராமத்து மாணவர்களின் முதல் தடை, “என் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை” என்ற எண்ணம். பெரிய நிறுவனத்தில் பயிற்சி எடுத்திருந்தால்தான், மாநில அளவில் பரிசு வாங்கியிருந்தால்தான் பேச முடியும் என்று நினைக்கிறார்கள். கேள்வி கேட்பவர் பார்ப்பது சம்பவத்தின் பெருமையை அல்ல, அதற்குள் விண்ணப்பதாரர் எடுத்த முடிவை. அப்பாவின் லாரிக்கு எஃப்.சி. காட்ட ஓடியது, நல்லம்பள்ளிச் சந்தையில் ஆடு விற்றது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஐம்பது பேர் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்தது, கோயில் திருவிழா வசூல் நோட்டைச் சரிபார்த்தது, கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் பாதியில் விலகியவரின் வேலையையும் சேர்த்துச் செய்தது என எல்லாமே தகும். அந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும், விண்ணப்பதாரர் தாமாக ஒன்றைச் செய்திருக்க வேண்டும், விளைவு கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

சம்பவம் அண்மையதாக இருப்பது நல்லது. எட்டாம் வகுப்பில் நடந்ததை இருபத்திரண்டு வயதுக்காரர் சொன்னால், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையா என்ற கேள்வி எழும். குடும்பத்துச் சண்டை, காதல், சாதி, கட்சி இவற்றைத் தொடும் சம்பவங்கள் எவ்வளவு பொருத்தமாகப் பட்டாலும் வேண்டாம். அவை பேச்சை வேறு பக்கம் இழுத்துவிடும்.

நான்கு பகுதிகள்

பதிலை நான்கு பகுதிகளாக அமைப்பது உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது: சூழ்நிலை, அதில் விண்ணப்பதாரரின் பொறுப்பு, அவர் செய்த செயல், கிடைத்த விளைவு. முழுப் பதிலும் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். பெரும்பாலானோர் சூழ்நிலைக்கே ஒன்றரை நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, “அப்புறம் எப்படியோ முடித்துவிட்டோம்” என்று செயலை ஒரே வரியில் விழுங்கிவிடுகிறார்கள். நேரத்தில் பாதிக்கு மேல் செயலுக்குப் போக வேண்டும். மதிப்பெண் அங்கேதான் விழுகிறது.

தருமபுரி மாவட்டம் பட்டுக்கூட்டுக்குப் பெயர் பெற்றது. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருவர் ஓசூரில் உள்ள ஓர் ஆலைக்கு நேர்காணலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். “ஒரே நேரத்தில் இரண்டு பெரிய வேலைகள் வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்?” என்பது கேள்வி. பலரும் சொல்லும் பதில் இப்படி இருக்கும்:

“எனக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் டென்ஷன் ஆகாது மேடம். எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்வேன். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம், அதையும் பார்த்துக்கொண்டேதான் படிக்கிறேன்.”

இதில் பொய் இல்லை. ஆனால் குறிப்பெடுப்பவர் தாளில் எழுத ஒரு வரியும் இல்லை. அதே பெண் அதே வாழ்க்கையிலிருந்து இப்படியும் சொல்லலாம்:

“எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம் மேடம். ஐந்தாவது பருவத்தில் ஒரு வாரம் புழு விடாமல் தின்னும். மொத்தத் தழையில் பெரும்பகுதி அந்த வாரத்துக்கே தேவைப்படும். போன ஏப்ரலில் சரியாக அந்த வாரத்தில் எனக்கு செமஸ்டர் தேர்வு வந்தது, அப்பாவுக்குக் காய்ச்சல். தழை வெட்டுவதும் தீனி போடுவதும் என் பொறுப்பாகிவிட்டது. தனியாக இரண்டையும் செய்ய முடியாது என்று முதல் நாளே தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவிடம் பேசினேன். காலையில் அவர் தழை வெட்டித் தருவது, அவருடைய அடுத்த வளர்ப்புக்கு நான் போய் வேலை செய்வது என்று ஏற்பாடு. வெயில் அதிகமாக இருந்தது. வளர்ப்பு மனையில் வெப்பமானி 33 காட்டியது, 28-க்கு மேல் போனால் புழுவுக்கு ஆகாது. ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். நான் தேர்வுக்குப் போன நேரத்தில் தெளிக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுத்து, நேரம் எழுதிய சீட்டைக் கதவில் ஒட்டினேன். ஓர் அடுக்கில் கொஞ்சம் புழு செத்தது. நோய் பரவாமல் அவற்றை உடனே பொறுக்கி அப்புறப்படுத்தினேன். மீதி நன்றாகக் கூடு கட்டியது, தருமபுரி ஏல அங்காடிக்குப் போனது. ஐந்து தாளிலும் தேறினேன், ஒன்றில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. அடுத்த முறை தேர்வு அட்டவணையைப் பார்த்த பிறகே இளம்புழு வாங்கும் தேதியை அப்பாவும் நானும் முடிவு செய்தோம்.”

உதவி கேட்கத் தயங்காதது, அதற்குப் பதில் உதவி பேசியது, வெப்பநிலையை எண்ணால் அறிந்து வைத்திருந்தது, தாம் இல்லாத நேரத்துக்குச் சீட்டு எழுதி ஒட்டியது, இழப்பை மறைக்காதது, அடுத்த முறைக்கு மாற்றம் செய்தது என இந்தப் பதிலில் ஆறு தகவல்கள் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஆலையில், கதவில் ஒட்டிய அந்தச் சீட்டு ஒன்றே இவருக்காகப் பேசும். “பொறுப்பானவள்” என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை என்பதையும் கவனிக்கலாம். பட்டுப்புழு பற்றித் தெரியாதவருக்கும் புரியும்படி முதல் மூன்று வரியில் தொழிலை விளக்கிவிட்டதும் நல்ல உத்தி. விளக்கம் அதற்கு மேல் நீளக் கூடாது.

‘நாங்கள்’ என்ற சொல்

தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு “நான் செய்தேன்” என்று சொல்ல வாய் வராது. தன்னைத்தானே புகழ்வது தப்பு என்று வளர்ந்தவர்கள், தனியாகச் செய்த வேலைக்கும் “நாங்கள் செய்தோம்” என்பார்கள். வீட்டிலும் ஊரிலும் அது பண்பு. நேர்காணலில் அது தகவலை மறைத்துவிடுகிறது. “நாங்கள் ப்ராஜெக்டை முடித்தோம்” என்றால் நான்கு பேரில் இவர் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. சிலர் “அதில் உங்கள் பங்கு என்ன?” என்று மறுபடி கேட்பார்கள், பலர் கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பணிவையும் விடாமல் தகவலையும் தரும் வழி இருக்கிறது. குழுவை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தம் பங்கைப் பிரித்துச் சொல்லலாம்: “நான்கு பேர் சேர்ந்து செய்தோம். மோட்டார், பேட்டரி கணக்கெல்லாம் மற்ற மூவரும் பார்த்தார்கள். சட்டத்தை வெல்டிங் செய்ததும், முதல் சோதனையில் அது வளைந்தபோது குழாயின் தடிமனை மாற்றியதும் நான்.” இதில் தற்பெருமை இல்லை. மற்றவர் வேலையைத் தமதாக்கிக்கொள்ளாததால் நம்பகத்தன்மையும் கூடுகிறது.

விபத்து பற்றிய பதில்கள்

தொப்பூர்க் கணவாய் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பாரவண்டிகளும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் வண்டிகளும் முன்னே போகிறவற்றின் மேல் மோதுவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த தொடர் மோதல்கள் நாடு முழுதும் செய்தியாயின. இந்தச் சாலையோரத்தில் வளர்ந்தவர்களில் பலர் விபத்து நடந்த இடத்துக்கு ஓடியவர்கள். “அவசர நேரத்தில் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்கு அவர்கள் மனத்தில் முதலில் வருவது அதுதான். சொல்லவும் செய்யலாம். ஆனால் இத்தகைய சம்பவத்தைச் சொல்வதில் அதிகக் கவனம் வேண்டும்.

காயத்தையும் இரத்தத்தையும் விவரிப்பது கேட்பவரைச் சங்கடப்படுத்தும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் மரியாதையாகாது. “உயிரைக் காப்பாற்றினேன்” என்று தொடங்கினால் மீதிப் பதில் சினிமாவாகிவிடும். அந்த நேரத்தில் எதை முதலில் செய்வது என்று எப்படி முடிவெடுத்தார் என்பதே சொல்லத் தக்கது. இறக்கத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தால், அடுத்த ஆபத்து மேலிருந்து இறங்கி வரும் லாரி. ஆகவே ஒருவரை வளைவுக்கு மேலே நிறுத்தித் துணியை அசைத்து வண்டிகளை மெதுவாக்கச் சொன்னது, 108-ஐ அழைத்து எந்தத் திசைச் சாலை, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று அடையாளம் சொன்னது, கழுத்தில் அடிபட்டவரை இழுத்துத் தூக்க வேண்டாம் என்று கூட்டத்தைத் தடுத்தது போன்றவை எந்த ஆலையின் பாதுகாப்புப் பிரிவுக்கும், எந்த ஆம்புலன்ஸ் பணிக்கும் நேரடியாகப் பொருந்தும் நடத்தைகள். காவல்துறை விசாரணைக்குப் பயப்படவில்லையா என்று குறுக்குக் கேள்வி வரலாம். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கும் 134ஏ பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தெரிந்திருந்தால் ஒரு வரியில் சொல்லலாம்.

அந்தச் சம்பவம் இன்னும் மனத்தை வருத்துகிறது என்றால் அதைச் சொல்லவே வேண்டாம். நேர்காணல் அறையில் குரல் உடைவது குற்றமில்லை. ஆனால் வேறு நல்ல சம்பவம் இருக்கும்போது அந்த வேதனைக்குத் தம்மை உட்படுத்த அவசியம் இல்லை.

தோல்வி, மோதல், மறுப்பு

“நீங்கள் தோற்ற ஒரு சம்பவம்?” என்ற கேள்விக்கு, “நான் ரொம்ப நேர்த்தி பார்ப்பேன், அதுதான் என் குறை” என்று குறையையே பெருமையாக்கும் பழைய தந்திரம் இன்று எடுபடாது. உண்மையான தோல்வி ஒன்றைச் சொல்லி, அதில் தம் தவறு எந்த இடத்தில் இருந்தது என்று குறிப்பிட்டு, பிறகு எதை மாற்றினார் என்று முடிக்க வேண்டும். அரியர் வைத்திருந்தவருக்கு அதுவே நல்ல சம்பவம். மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியப்போகிறது. “கணிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு முறையும் பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்தேன். மூன்றாவது முறை சீனியர் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன்” என்பது நல்ல பதில். ஆசிரியர் சரியில்லை, வினாத்தாள் கடினம் என்று பழியைத் தள்ளினால் அந்தக் கேள்வி கைநழுவிப் போகும்.

மோதல் பற்றிய கேள்வியில் எதிராளியைக் கெட்டவராக்குவதுதான் வழக்கமான தவறு. ப்ராஜெக்டுக்கு வராத நண்பனைப் பற்றிச் சொல்லும்போது, “அவன் சோம்பேறி சார்” என்று நிறுத்தினால் கேட்பவர் அந்த நண்பனை அல்ல, விண்ணப்பதாரரைத்தான் எடைபோடுவார். “ஏன் வரவில்லை என்று தனியாகக் கேட்டேன். இரவில் சாலையோர ஓட்டலில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. பகலில் லேபுக்கு வர முடியாது. அதனால் ரிப்போர்ட் எழுதும் பகுதியை அவனிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டோம்” என்றால், விசாரித்துவிட்டுப் பேசுபவர் என்பது விளங்கும். வயதில் மூத்தவரோடு வந்த முரண்பாடு என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பணிமனையில் மூத்த ஆபரேட்டரை எல்லார் முன்னும் திருத்தினேன் என்பதைவிட, “டீ நேரத்தில், ‘அண்ணே, இந்த அளவு எனக்குக் குறைவாக வருகிறது, நீங்கள் ஒருமுறை பாருங்கள்’ என்று கேட்டேன்” என்பது நம் ஊர்ப் பணியிடத்துக்குப் பொருந்தும். மரியாதையும் குறையவில்லை, தவறும் திருத்தப்பட்டது.

மேலதிகாரி சொன்னதை மறுத்த சம்பவம் கேட்டால் பாதுகாப்பு, கணக்கு, தரம் இந்த மூன்றில் ஒன்றைச் சார்ந்ததாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓடும் இயந்திரத்தில் கைவிட்டுச் சுத்தம் செய்யச் சொன்னபோது, நிறுத்திவிட்டுச் செய்கிறேன் என்று சொன்னது தகுந்த எடுத்துக்காட்டு. முன்னாள் நிறுவனத்தின் பெயரையோ அந்த அதிகாரியின் பெயரையோ சொல்ல வேண்டியதில்லை. புதிய இடத்துக்குப் பழகியது பற்றிய கேள்விக்கு விடுதி வாழ்க்கை, வேற்று மாநிலத்தவரோடு ஒரே அறையில் தங்கியது போன்றவை போதும். ஓசூர் ஆலைகளுக்கு வீட்டிலிருந்து தினம் போய்வர முடியாது என்பதால் இதைத் தவறாமல் தயார்செய்துகொள்ளலாம்.

துணைக்கேள்விகள்

பதில் முடிந்ததும், “அப்போது வேறு என்ன வழி இருந்தது?”, “அவர் என்ன சொன்னார்?”, “இன்று என்றால் என்ன மாற்றுவீர்கள்?” என்று அடுக்கடுக்காக வரும். பொய்ச் சம்பவம் உடைவது இங்கேதான். இணையத்திலிருந்து எடுத்த கதைக்கு மூன்றாவது துணைக்கேள்விக்கு மேல் விடை இருக்காது. உண்மையாக நடந்ததற்கு எத்தனை கேள்வி வந்தாலும் நினைவிலிருந்து பதில் வரும். நினைவில்லாததை “அது சரியாக நினைவில்லை” என்று சொல்லிவிடலாம்.

மொழியைப் பொறுத்தவரை, தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது பெரும் ஆபத்து. ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் நினைவில் வைத்து, சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்வது பாதுகாப்பானது. பொருத்தமான சொல் வராவிட்டால் தமிழில் சொல்ல அனுமதி கேட்கலாம். ஆலைப் பணிகளுக்கான தேர்வில் பலரும் ஒப்புக்கொள்வார்கள். நடந்ததைச் சொல்வதால் இறந்தகால வினைகளை மட்டுமாவது ஆங்கிலத்தில் பழகிக்கொள்வது பலன் தரும்.

தயாரிப்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நெருக்கடி, தோல்வி, மோதல், தானாக முன்வந்தது, கற்றுக்கொண்டது, நேர்மை சோதிக்கப்பட்டது எனத் தலைப்புக்கு ஒன்றாக ஆறு முதல் எட்டுச் சம்பவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பொருந்தும். பட்டுப்புழுச் சம்பவத்தையே நேர மேலாண்மைக்கும், உதவி பெறுவதற்கும், தவறிலிருந்து திருத்திக்கொண்டதற்கும் சொல்லலாம். பிறகு அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டப் பயிற்சியோ கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரோ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், குறுக்குக் கேள்வி கேட்கத் தயங்காத அக்காவோ சித்தியோ இதற்குச் சிறந்த ஆள்.

கேட்ட வகையில் சம்பவமே இல்லாமலும் போகலாம். பத்தொன்பது வயதில் ஐடிஐ முடித்து வந்தவரிடம், “ஒரு குழுவை நிர்வகித்த அனுபவம்?” என்று கேட்டால் இட்டுக்கட்ட வேண்டாம். “குழுவுக்குத் தலைமை ஏற்றதில்லை சார். அதற்கு நெருக்கமாக ஒன்று இருக்கிறது, சொல்லலாமா?” என்று கேட்டு, விளையாட்டு விழாவில் பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்ததைச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால், அப்படி ஒரு பொறுப்பு வந்தால் முதல் வாரத்தில் என்ன செய்வார் என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.